திருப்பிக் கட்டிய பட்டை

காலையில் பல் துலக்கியதும் பிரதீப் ஒரு கரண்டி நிலவேம்புக் கஷாயம் குடிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் மகள் நறுமுகையின் நாக்கு கசக்க வேண்டும். கீமோவுக்கு முந்தைய இசைவு வாரத்தில் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான்.

"கசக்குதா அம்முணி?"

"இல்லைங்ப்பா."

"எனக்கும் அவ்வளவா கசக்கல. சரக்கு பழசாட்ட இருக்குது."

இருவர் மணிக்கட்டிலும் பகிர்பட்டை இருந்தது. 'இசைவு ஏற்படவில்லை. மனதைத் தளர்த்திக்கொள்ளவும்' என்றது சுவரிலிருந்து மருத்துவமனைக் குரல். வாரம் முழுக்க அதையே சொல்கிறது. சுவரோடு சேர்த்து அதைப் பெயர்த்து எறிந்தால் தளர்ந்துவிடலாம் என்று நறுமுகைக்குத் தோன்றியது.

முழு வீரிய மருந்தை இப்போதெல்லாம் துணையுடல் இல்லாமல் யாருக்கும் ஏற்றுவதில்லை. குமட்டல், வலி, அசதி எதுவானாலும் பாதி, பட்டை வழியே துணைக்குப் போய்விடும். ஓர் உடல் தாங்காததை இரண்டு உடல்கள் தாங்கும். இன்றைக்குள் இசைவு வராவிட்டால் நாளை அப்பாவுக்கு மென்மருந்துதான். அது கட்டியைத் தூங்க வைக்கும், கரைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பாவோ ஆஸ்பத்திரிப் பையைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் மடித்து வைத்த போர்வையை எடுத்துவிட்டு எதையோ உள்ளே திணித்தார்.

"டெஸ்டர் எதுக்குங்ப்பா?"

"அங்க ஃபேன் ஓடலைன்னா?"

"அதுக்கு ஆள் இருப்பாங்க!"

"இருப்பாங்க. வரோணுமல்ல?"

ஆயுசுக்கும் பம்ப் மோட்டார் கடை வைத்திருந்த மனிதர். ஓடாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். இந்தப் பட்டை ஓடாததை மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதியாகப் பார்க்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவள்மீதே அவளுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. அப்பாவுக்கு இப்படி ஒரு நோய் வந்திருக்கிறது, இந்த வாரம் பார்த்து அவளுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. தீராத கழுத்து வலி கூடப் பாதியாகிவிட்டது. புதுத் தலையணை என்று நினைத்திருந்தாள்.

தோசை ஊற்றப் போனாள். கோபத்தில் கவனமில்லாமல் விரல் கல்லில் பட்டுவிட்டது.

"ஸ்ஸ்ஸ்... ஆ!"

கத்தியது அவள் இல்லை. கூடத்திலிருந்து வந்த சத்தம்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அப்பா தன் விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை வேட்டிக்குள் ஒளித்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்னத்தப் பண்ணுனேன்?"

"அப்பா!"

அவர் பட்டையைத் தடவினார். "த்ரீ பேஸ் மோட்டார்ல ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். இதையும் தொறந்து பார்த்தனா... உள்ள ரெண்டு ஒயர் அதேமாதிரிதான் இருந்துச்சு."

"இது மோட்டாருங்களா? எங்கிட்ட வர வேண்டியதைத் திருப்பி, என்னுதை நீங்க வாங்கிட்டு இருந்தீங்களா, ஒரு வாரமா?"

"கழுத்து அந்த நோவு நோவுதே, ஒரு வார்த்தை சொன்னியா? மத்தியானம் சாப்பிடறதும் இல்ல. எனக்கு வயிறு கபகபங்குது, நான் ரெண்டு தடவை திங்கறேன்."

"பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்கு முழு மருந்து கிடைக்காமப் போயிருக்கும், தெரியுமுங்களா?"

அவர் பட்டையைத் திருகினார். "என்ற வாந்தியை எம்புள்ள எடுக்கோணுமா?" என்றார்.

"எடுப்பேன். மாத்துங்க."

"அம்முணி..."

"டெஸ்டர்தான் இருக்குதல்ல, எடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே பட்டையைத் திறந்து ஒயர்களை மாற்றினார். மாட்டிக்கொண்டு, கஷாயத்தை ஒரே மடக்காகக் குடித்தார். நறுமுகையின் நாக்கில் கசப்பு இறங்கியது. 'இசைவு ஏற்பட்டது' என்று குரல் வாழ்த்தியது. கழுத்து வலி முழுசாகத் திரும்பி வந்தது.

அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது பின்னாலிருந்து பிடித்திருந்த கையை யாரோ விட்டாற்போல் இருந்தது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வாரம் முழுக்க இவர் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா சரக்குப் பழசு என்று பேசிக்கொண்டிருந்தார்? இது பாதிதான். அவளுடைய பயத்திலும் பாதியைச் சேர்த்து அவரே வைத்திருந்திருக்கிறார்.

"என்ன, ரொம்பக் கசக்குதா?" அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"கசப்புத்தான். வேற ஒண்ணுமில்ல."

அவர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. நாற்காலியில் சாய்ந்து, ஆச்சரியப்பட்டவர்போலச் சொன்னார். "ஏன்னே தெரியல அம்முணி, இப்பக் கொஞ்சம் நல்லாருக்குது. தோசை என்னாச்சு?"

"உங்களாலதான் கருகிப்போச்சு," என்று கத்திவிட்டு அவள் சமையலறைக்கு நடந்தாள், கால் நடுங்குவது அவருக்குத் தெரியாதபடி, சுவரை ஒட்டியே.