கவனிச்சு அனுப்பு

பயில்பொறி முதல் மூன்று நாளும் அடியைத் தப்பாகத்தான் அடித்தது. எலும்பில் அடித்தால் வழக்காகும், சதையில் அடித்தால் வலியோடு போகும் என்று மணல்மூட்டையைத் தொங்கவிட்டுத் தங்கப்பழம் சொல்லிக்கொடுத்தார். நெல்லைச் சீமையின் மின்கலத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வாசல் காவலுக்குத் தலைமையாக இருந்தவர். கூடவே நடந்து, பார்த்து, ஒருவருடைய வேலையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பயில்பொறி என்ற அந்த இயந்திரத்தின் வேலை. ஆறு மாதம் அவர் நிழலாகவே திரிந்தது. தொழிலாளர்கள் அதற்குச் 'சின்னப்பழம்' என்று பேர் வைத்தார்கள்.

நியாயம் கேட்டு வாசலில் சத்தம் போடுகிறவனைக் காட்டி, "இவரை நல்லா கவனிச்சு அனுப்பு" என்பார் தங்கப்பழம். பொறி அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்.

"ரெண்டாந்தரம் வந்தாம்னா முட்டியை எடுத்துரு. நிறுத்துன்னு கத்தத்தான் செய்வான், காதுல வாங்காத."

பொறி இரண்டையும் குறித்துக்கொண்டது.

மற்ற வாசல்களின் பொறிகளுக்கும் அவரே வாத்தியார் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. ஒரு பொறி படித்தால் நாற்பதும் படித்துவிடும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. படிப்பு முடிந்த அன்றே அவர் வேலையும் முடிந்தது. ஐம்பத்து நான்கு வயதில் அடிக்க மட்டும் தெரிந்தவரை வேறு எவன் சேர்ப்பான்? போன வாரம் மனுவோடு வந்தார். மேலாளர் ஊரில் இல்லை. இன்று மறுபடி வந்தார்.

மேலாளர் பிரபாவதி சென்னையிலிருந்து புதிதாக வந்தவள். வாசலுக்கே வந்து மனுவை முழுக்கப் படித்தாள். வேலை இல்லை என்று சொல்வதற்குள் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காப்பி, சாப்பாடு, வீடுவரை கார் என்று அவள் மனத்தில் ஓடியது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் பொறியிடம் திரும்பினாள்.

"சாரை நல்லா கவனிச்சு அனுப்பு."

அவள் உள்ளே போய்விட்டாள். தங்கப்பழம் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏலே, நாந்தாம்ல ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன்."

பொறி அவர் கையைப் பின்னால் மடக்கியது. அவருடைய பிடிதான். கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய், "இரண்டாம் வருகை" என்று அறிவித்தது. வலது முட்டி தேங்காய் உடைகிற சத்தத்தோடு போனது. நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அதைக் காதில் வாங்காமல் இடதையும் எடுத்தது.

மாலையில் பிரபாவதிக்கு அறிக்கை வந்தது: 'நன்றாகக் கவனித்து அனுப்பப்பட்டார்.' மனது லேசாகி, உபசரிப்புக்குப் பத்துக்குப் பத்து போட்டாள்.

மறுநாள் முதலீட்டாளர்கள் வருகிறார்கள், இரண்டாம் முறையாக. நாற்பது பொறிகளுக்கும் அவள் அதே உத்தரவை எழுதி அனுப்பினாள்.