அரைமூச்சு நகரம்

“2091, ஆகஸ்ட் 14. இன்றைய பிழை: மரியசெல்வி அக்காவைக் குப்புறப் படுக்க வைத்தே படம் எடுத்துவிட்டேன்.”

ஸ்கேன் படங்களைப் படிக்கக் கற்றுத்தரும் படவாசிப்பு மாலை வகுப்பில் நாட்குறிப்பை அன்றைய பிழையோடுதான் தொடங்க வேண்டும். இன்பரசிக்கு அது கடினமாக இருந்ததே இல்லை. தன்னிடம் குறை கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் இன்று முதல் வரிக்குப் பிறகு பேனா நகரவில்லை. எழுதியது பிழைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பகலில் அவளுக்கு வேலை தூத்துக்குடித் துறைமுக வாசலில் இருக்கும் மூச்சுச்சாவடியில். பெருங்காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஆண்டுக்கொரு முறை எல்லோரும் அங்கே வந்து, நுரையீரலைப் படமெடுக்கும் நுரைகாணியில் மல்லாந்து படுக்க வேண்டும். வளையம் ஒருமுறை சுற்றும். காய்ச்சல் விட்டுச்சென்ற வடு நுரையீரலில் எவ்வளவு என்று ஸ்கேன் சொல்லும். பச்சை வந்தால் வேலைக்குப் போகலாம். சிவப்பு வந்தால் மலைநகருக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே காற்று நல்லது. ஆனால் பச்சைக்காரர்கள் மலையேறக் கூடாது. சிவப்புக்காரர்கள் இறங்கக் கூடாது.

மரியசெல்வி படகு என்ஜின் மெக்கானிக். என்ஜினில் இருந்து பீறிட்ட ஆவி முதுகைப் பொசுக்கியிருந்தது.

“முதுகு பட்டா உசுரு போவுது பிள்ள. இப்படியே எடுத்துரேன்.”

இன்பரசி மனமிரங்கி எடுத்தாள். சிவப்பு வந்தது.

வரிசை கலைந்த பிறகு அவள் படத்தை மறுபடி திறந்தாள். போன வருடம் முதுகுப் பக்கம் வடுவாகத் தெரிந்த வெண்மூட்டம் இப்போது அங்கே இல்லை. நெஞ்சுப் பக்கம் புதிதாக ஒன்று இருந்தது. வடு ஆறாது என்பது நுரைகாணிக்குச் சொல்லித்தரப்பட்ட விதி. அதனால் அது பழையதையும் புதியதையும் கூட்டிச் சிவப்பு காட்டியிருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த சக ஊழியன் சூசை எட்டிப் பார்த்தான். “பழைய வடு எங்கட்டி போச்சு?”

“முன்பக்கம் வந்துட்டு.”

“வடு என்ன வள்ளமா, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போவ?”

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் இன்பரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வருடம் படுக்கையைத் தொட்டிருந்தது முதுகு. இந்த வருடம் நெஞ்சு. எந்தப் பக்கம் கீழே இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மூட்டம்.

“சூசை, என்னைய எடு.”

மல்லாந்து படுத்தாள். மூட்டம் முதுகில். குப்புறப் படுத்தாள். மூட்டம் நெஞ்சில். அவளுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை.

அப்படியானால் இது என்ன? அவள் தன் மூச்சையே கவனித்தாள். பாதி இழு, பாதி விடு. கிருமி ஆழத்துக்குப் போகாமலிருக்க ஊரே பாலர் வகுப்பிலிருந்து பழகிய அரைமூச்சு. காற்றே எட்டாத அடிப்பகுதி, மேலே உள்ளதன் பாரத்தில் மடங்கிக் கிடந்தால்?

வாயைத் திறந்து இழுத்தாள். விலாவுக்குள் ஏதோ பிரிவதுபோல வலித்தது. இருமல் பிடுங்கியது.

“ஏட்டி, சாகப் போறியா!” என்று சூசை ஓடிவந்தான்.

“படத்த எடு!”

திரையில் மூட்டம் இல்லை.

சூசை திரையை நெருங்கிக் குனிந்தான். “என் தம்பியையும் மல்லாத்திப் போட்டுத்தான் எடுத்தாவ,” என்றான். அவன் தம்பி மலையில் இருக்கிறான்.

ஓர் உடம்பை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று இன்பரசிக்குத் தெரியும். மரியசெல்விக்கு உண்மையான வடுவே இருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டுமானால் விதியை மீறியதை மேலதிகாரியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். படவாசிப்புத் தேர்வு கைநழுவிப் போகலாம். ஆனால் நாளை மாலை பஸ் கிளம்பிவிடும். மரியசெல்வியின் மகள் பச்சை.

இப்போது வகுப்பு வராந்தாவுக்கு வந்து மரியசெல்வியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“நான் என்ன பிள்ள தப்பு செஞ்சேன்?” என்று கேட்டாள் மரியசெல்வி.

“நீங்க இல்லக்கா, நான்தான். மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன், ஒரே ஒரு வாய்ப்பு குடுத்திருக்காவ. காலையில வாங்க. குப்புற ஒண்ணு, மல்லாந்து ஒண்ணு எடுப்போம். முதுகு எரியும், பொறுத்துக்கோங்க. ஆனா மூச்ச முழுசா இழுக்கணும்.”

மறுமுனையில் அந்தச் சின்னச் சின்ன அரைமூச்சுகள் கேட்டன.

“முழுசான்னா எவ்வளவு பிள்ள?”

“காலையில செஞ்சு காட்டுதேன்க்கா,” என்றாள் இன்பரசி. வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தாள். மேசைதோறும் குனிந்த தலைகள்; யாருடைய தோளும் உயரவில்லை. முதல் வரியை அடிக்காமல் விட்டுவிட்டு, பக்கத்தின் அடியில் எழுதினாள்:

“நாளைய வேலை: சாவடி திறந்ததும் மரியசெல்வி அக்காவுக்கு இரண்டு படங்கள். அதற்கு முன், முழுமூச்சு விட அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.”