பன்னிரண்டு நிமிடம் அதிகம்

நாற்பத்தேழாவது நிமிடத்தில் துப்பாக்கி வெடித்தது.

டுமீல்!

திரையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணக் கூட்டம். தோட்டத்தில் நீள மேஜைகள். ஒரு கிழவர் மட்டும் பிளம் சாராயக் கிளாஸை உயர்த்திப் பிடித்து, "கல்யாணத்தை நடத்துற நாஷ் எங்கேயோ சந்தோஷத்துல வெடிக்கிறாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒட்டீலியா சிரிக்கவில்லை.

மவுஸைப் பிடித்துப் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள்.

டுமீல்!

படத்தின் மூலையில் கேமரா பதித்த நேரம், சாதாரண பிளேயரில் தெரியாதது... 19:44.

கிரயோவா நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தச் சிற்றூரில் ஒட்டீலியாவினுடையது ஒன்றுதான் இந்த மாதிரிக் கடை. பழைய டிஸ்க்கில் கிடக்கும் படத்தை உருவியெடுத்து, போனில் பார்க்கிற ஃபைலாக மாற்றித் தருவாள். கல்யாணம், ஞானஸ்நானம், ராணுவத்துக்கு வழியனுப்பு... எது வந்தாலும் சரி.

இன்று காலை வந்தது லெட்டீசியாவின் கல்யாண டிஸ்க். 2006 ஆகஸ்ட். டிவிடி பிளேயர் செத்துவிட்டதாம், பெண்ணுக்குப் பதினாறு வயதாகியும் அம்மா அப்பா கல்யாணத்தை ஒருதரம்கூடப் பார்த்ததில்லையாம்.

ஒட்டீலியா பார்த்திருக்கிறாள். பதினோரு தரம்... கோர்ட்டில்!

அந்தக் கல்யாணச் சாயங்காலம், தோட்டத்துக்குப் பின்னால் அரை கிலோமீட்டரில் இருந்த மாவு மில்லில், முதலாளி ட்ராயான் சுடப்பட்டுச் செத்தார். வெடிச் சத்தத்தை அக்கம்பக்கத்தார் கேட்டது ஏழே முக்கால் மணிக்கு. துப்பாக்கிக்குப் பக்கத்தில் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன் மில் காவலாளி ரேலு.

ஒட்டீலியாவின் தம்பி.

பதினெட்டு வருடமாக உள்ளே இருக்கிறான்.

சுட்டது மில்லின் இன்னொரு பங்குதாரர் நிக்கிஃபோர்தான் என்று ஒட்டீலியா தொண்டை வற்றக் கத்தினாள். யார் கேட்டார்கள்? அந்தக் கல்யாணத்துக்கு நிக்கிஃபோர்தான் நாஷ். மணமக்களுக்குத் தலைமை நின்று கல்யாணத்தை நடத்தி வைக்கிற பெரிய மனிதர். விருந்து நடுவே இளவட்டங்கள் மணப்பெண்ணைத் திருடிக்கொண்டு போய் ஒளித்து வைக்க, மாப்பிள்ளையும் நாஷும் பேரம் பேசித்தான் மீட்க வேண்டும். அந்தப் பேரம் நடந்தது ஏழே முக்காலுக்கு என்று நாற்பது பேர் சத்தியம் செய்தார்கள். டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் பேரத்தில் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு... நிக்கிஃபோர்!

ஜட்ஜ் டிஸ்க்கைப் பார்த்தார். கதை முடிந்தது.

ஒட்டீலியாவுக்கு ஒரு பழக்கம். மற்றக் கடைக்காரர்கள் டிஸ்க்கில் இருப்பதிலேயே நீளமான படத்தை மட்டும் உருவிக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்கள். இவள் சுரண்டிச் சுரண்டி உள்ளே இருப்பது அத்தனையும் எடுத்த பிறகுதான் பிரிப்பாள்.

கோர்ட்டில் ஓடிய படம் மூன்று மணி பத்து நிமிடம்.

இன்று உருவியது மூன்று மணி இருபத்திரண்டு!

அந்த அதிகப்படிப் பன்னிரண்டு நிமிடத்தை இப்போது முழுக்க ஓடவிட்டாள்.

அதுவும் பேரம்தான். ஆனால் மாப்பிள்ளை தனியாக நின்று பேசுகிறான். அவனுடைய அம்மா அவுரிகா, நாஷைக் காணோம் என்று மேஜை மேஜையாகத் தேடிக்கொண்டு ஓடுகிறாள். வெடிச் சத்தம். கிழவரின் ஜோக். எட்டு நிமிடம் கழித்து, மில் பக்கத்து வேலியைத் தாண்டிக் குதித்து ஓர் ஆள் வருகிறார். முழங்கால் வரை சேறு. மூச்சிரைப்பு.

நிக்கிஃபோர்.

மணி 19:52.

"பேரத்துல நாஷ் இல்லைன்னா ஊரே காறித் துப்புமே... எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" என்று அவுரிகா கேட்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "பரவாயில்லம்மா, மறுபடி ஒருவாட்டி பேரம் பேசச் சொல்லுங்க. எடுத்துடலாம்."

ஒட்டீலியா படத்தை நிறுத்தினாள்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை! பேரம் ஏழே முக்காலுக்கு... நிஜம். படத்தில் பேரத்தில் நாஷ் இருந்தார்... அதுவும் நிஜம். பேரம் இரண்டு தரம் நடந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை. வீடியோவுக்காக மறுபடி நடிப்பதெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. அதை யார் கணக்கில் வைப்பார்கள்?

கேமராக்காரன் ஃபானேவுக்கு போன் போட்டாள்.

"ஃபானே, லெட்டீசியா கல்யாண டிஸ்க்குல பன்னெண்டு நிமிஷம் கூட இருக்குப்பா. பிளேயர்ல போட்டா வராது. உருவினா வருது."

ஃபானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அட, அதை நீ கண்டுபிடிச்சிட்டியாக்கா? வெட்டி எறியணும்னா மொத்தத்தையும் முதல்லேர்ந்து தயார் பண்ணணும். அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு ஒன்பது மணி நேரம். யாரால முடியும்? ஓடுற வரிசையில இருந்து மட்டும் அதைத் தூக்கிட்டேன். பிளேயர் தாண்டிப் போயிடும்."

"கோர்ட்டுல ஏன் சொல்லலை?"

"எத்தனை டேக் எடுத்தேன்னு யாருமே கேக்கலியே..." என்றவன் பாதியில் நிறுத்தினான். "அக்கா... அதுல என்ன இருக்கு?"

ஒட்டீலியா வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஃபானேவின் மகனுக்கு ஞானஸ்நானத் தகப்பன் யார்? நிக்கிஃபோர்!

பத்து நிமிடம் தலை நிமிராமல் வேலை பார்த்தாள்.

பதினோராவது நிமிடம் வாசலில் ஜீப் நின்றது.

நிக்கிஃபோர் சாவகாசமாக உள்ளே வந்தார். எழுபது வயது. உள்ளங்கை நிறைய சூரியகாந்தி விதை. கதவை உள்பக்கமாகத் தாழிட்டார். வெயில் அதிகம் என்றார், இந்த வருஷம் சோளம் தேறாது என்றார், லெட்டீசியா டிஸ்க்கை வாங்கி வரச் சொன்னதாகச் சொன்னார். விதைத் தோல்கள் கடைத் தரையில் விழுந்துகொண்டே இருந்தன.

"அவ சாயங்காலம் தானே வர்றேன்னு சொன்னாளே, நாஷ்."

"நான் வேற, அவ வேறயா? கொடும்மா."

கொடுத்தாள்.

அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் வளைத்தார்.

பட்டென்று இரண்டாக உடைந்தது!

"அடடா. வயசாயிட்டா கை நடுங்குது பாரு" என்றவரின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பியே?"

"ஏத்தியிருக்கேன்."

கோட்டுக்குள்ளிருந்து சுத்தியல் வந்தது. நாலே அடி. பெட்டி நசுங்கி, உள்ளிருந்த தகடுகள் பல்லை இளித்தன.

"உன் தம்பி இன்னும் நாலு வருஷத்துல வந்துடுவான் ஒட்டீலியா. மில்லுல வேலை போட்டுத் தர்றேன். நீயும் நானும் ஒரே ஊர்ல இருந்தாகணும். என்ன சொல்றே?"

"அவன் என்ன தப்பு பண்ணினான் நாஷ்?"

"தூங்கினான்" என்றார் நிக்கிஃபோர் சிரித்துக்கொண்டே. "காவக்காரன் தூங்கலாமா?"

அவருடைய போன் அடித்தது.

எடுத்தார். ஸ்பெயினில் ஸாரகோஸாவிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா மகள். ஒட்டீலியாவுக்கே கேட்கிற அளவுக்குக் கத்தினாள். நாஷ், எவ்ளோ இளமையா இருக்கீங்க... அந்த வயசுலயும் என்னமா வேலி தாண்டுறீங்க... ஆமா, மில்லு பக்கம் எதுக்குப் போனீங்க?

நிக்கிஃபோர் வாயிலிருந்த விதையை மெல்லவில்லை. துப்பவுமில்லை.

அடுத்த அழைப்பு டூரின். அதற்கடுத்தது ஊரிலிருந்தே லெட்டீசியா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பண்ணினே?" என்றார் நிக்கிஃபோர். குரல் தேய்ந்திருந்தது.

"கஸ்டமர் சொன்னதைத்தான் பண்ணினேன். ஃபைல் ரெடியானதும் குடும்ப குரூப்புல போட்டுடு ஒட்டீலியா, எல்லாரும் வெளிநாட்டுல இருக்காங்கன்னு லெட்டீசியா சொன்னா. முதல்ல அந்தப் பன்னெண்டு நிமிஷத்தைப் போட்டேன். தம்பியோட வக்கீலுக்கும் ஒண்ணு அனுப்பிட்டேன். அவர் போலீஸோட வந்துட்டு இருக்காரு."

"அழிச்சிடச் சொல்லு. எல்லாரையும் அழிக்கச் சொல்லு!"

"டிஸ்க்கா இருந்த வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது, நாஷ். அதை உடைச்சிட்டீங்க. இப்போ குரூப்புல இருநூத்திப் பதினாலு பேர் போன்ல இருக்கு. அத்தனைக்கும் சுத்தியல் தூக்கிட்டு நடக்கணும்னா முழங்கால் தாங்காது."

அவர் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கடை ரொட்டிக்காரி, தபால்காரர், சர்ச் மணியடிப்பவர்... எல்லோர் கையிலும் போன். போனைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

ஜீப் சாவி அவர் விரலிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. கடையில் இருந்த ஒரே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மறுபடி போன்.

அவர் தொடவில்லை. ஒட்டீலியாதான் எட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா அவுரிகா. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஸ்பெயின் போய் ஆறு வருடம் ஆகிறது. பின்னால் ஒரு வீடு நிறைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

"நாஷ்... அன்னைக்கே உங்களைக் கேட்டேன், எங்கே போயிருந்தீங்கன்னு. இன்னும் நீங்க சொல்லலை."

நிக்கிஃபோர் தரையில் சிதறிக் கிடந்த விதைத் தோல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டீலியா போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க நாஷ். வெளிநாட்டு கால்... அவங்க பேலன்ஸ் தீர்ந்துடப் போகுது."