ஏழாவது கட்டை

போன் அலறியபோது இன்ஸ்பெக்டர் ஒரு காலில்தான் ஷூ போட்டிருந்தார்.

பழைய வீடு. கூடத்தில் பிணம்.

இறந்தவர் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவர். பின்மண்டையில் ஒரே அடி. முந்தின நாள் சாயங்காலம் விழுந்தது. காயத்தின் வளைவு, உத்தரத்தின் அடியிலிருந்து கழற்றி மேஜையில் அடுக்கியிருந்த தேக்குத் தாங்குகட்டைகளின் விளிம்போடு அச்சாகப் பொருந்தியது. மொத்தம் பன்னிரண்டு கட்டைகள். நூறு வருஷத்துக்கு மேலான செதுக்கு வேலை.

ஒன்றில்கூட ரத்தம் இல்லை.

சந்தேகம் மச்சினன் மேல். தச்சன். அப்பா விட்டுப்போன வீட்டைக் கரையானிடமிருந்து காப்பாற்ற, மரம் மரமாகப் போரான் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன். மரத்தையெல்லாம் விற்றுவிட்டு கான்கிரீட் போடப் போவதாக மாப்பிள்ளை சொல்ல, நேற்று இருவரும் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கிறது.

விலங்கு ஏறியது. அக்கா வாசற்படியில் நின்று, தம்பி செய்யவில்லை என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷனுக்காக அழ அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"அடிச்சே. கட்டையைக் கழுவி வெச்சே. அவ்வளவுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழுவினேனா?"

தச்சனுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. கொலைகாரன் என்றபோதுகூட வரவில்லை.

"நேத்து காலையிலதான் சார் மருந்து அடிச்சேன். உள்ளே ஊறவே நாளாகும். அதுக்குள்ள தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும். எங்க தொழில்ல எவனும் கழுவ மாட்டான். மருந்து ஏறிச்சான்னு பாக்கற பாட்டில் அதோ இருக்கு, எடுங்க, காட்டறேன்."

பாட்டிலில் மஞ்சள் கரைத்த ஸ்பிரிட், கொஞ்சம் ஆசிட். மருந்து இருக்கும் மரத்தில் பட்டால் சிவக்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாகத் தெளித்துவிட்டுக் காத்திருந்தார்.

சிவப்பு... சிவப்பு... சிவப்பு...

ஏழாவது மட்டும் மஞ்சள்.

"பாத்தீங்களா சார்? தொழில் தெரியாத யாரோ கழுவியிருக்காங்க."

நியாயமாகத்தான் பட்டது. இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றிவிட்டு, வீட்டுச் சாவி யார் யாரிடம் என்று கேட்டார். செத்தவர் பையில் ஒன்று. தச்சனிடம் ஒன்று. மூன்றாவது...

தச்சன் வாசற்படியைப் பார்த்தான். முகம் வெளிறியது. கைகளை மறுபடி நீட்டினான்.

"நான்தான் சார் கழுவினேன்."

"பொய் சொல்லாதடா. உனக்கு வராது," என்றாள் அக்கா.

உள்ளே வந்து சாவியை மேஜையில் வைத்தாள். ரத்தம் பட்டால் கழுவ வேண்டும் என்றுதான் தனக்குத் தெரியும் என்றாள். தச்சன் தரையில் உட்கார்ந்து அழுதான். தன் வாயாலேயே அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

"மரத்துக்காக ஒரு ஆளையாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மரத்தை அரிக்கிறதுக்கெல்லாம் தம்பி மருந்து அடிச்சான் சார். இது ஒண்ணுதான் மருந்துக்கு அடங்கலை."