பச்சை விளக்கின் சாட்சி

மன்னார்முனைத் துறைமுகத்தில் முன்னுணரியைக் கழற்றிக் கொடுத்தவள் பாரந்தூக்கி ஓட்டும் பிரகாசி ஒருத்திதான். சர்க்கரை நோயுள்ள ஊழியர் எல்லோரும் அதைத் தோளில் ஒட்டியிருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை தாழப்போவதை அரை மணி முன்பே கணித்து, மணிக்கட்டுத் திரையில் சிவப்பு காட்டும். அவர்களுடைய இயந்திரத்தைப் பூட்டிவிடும். பச்சை என்றால் நலம். அதற்கு மேல் பேச்சில்லை.

பிரகாசிக்கோ சர்க்கரை தாழாதபோதும், தோளை அழுத்திப் படுத்தாலே சிவப்பு காட்டியது. பன்னிரண்டு வயதிலிருந்து இந்த நோயோடு வாழ்பவள் அவள். கை நடுங்கி, கழுத்தில் குளிர்ந்த வியர்வை அரும்பினால் வேலையை நிறுத்துவாள். விரலில் குத்திப் பார்த்து, குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பார்ப்பாள். சரியான பிறகுதான் நெம்புகோலைத் தொடுவாள்.

அவளுடைய பாரந்தூக்கியைப் பூட்டிவிட்டு விசாரணைக்கு அழைத்தார்கள்.

விசாரித்தவர் பாதுகாப்பு அதிகாரி கோமதிநாயகம். அவருக்கும் சர்க்கரை நோய். மதிய இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, இதை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தார். முன்னுணரியை மறுபடி ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. திடீரென்று மேசையை அறைந்து, அவளை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். சற்று நேரத்தில் அதையே குழறலாக இன்னொரு முறை அறிவித்தார். பேனா விரலில் நிற்கவில்லை. மேலுதடு வியர்த்திருந்தது.

"சார், ஒங்களுக்குச் சுகர் எறங்குது."

அவர் மணிக்கட்டை நீட்டினார். பச்சை. பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தரும் அதைப் பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். பிரகாசி அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். சர்க்கரை நாற்பத்தெட்டு, ஆபத்தான தாழ்வு. விழுங்கும் தெளிவு இருக்கும்போதே குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்தாள். கால் மணியில் எழுபத்தொன்பது. பிறகு அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தாள்.

தெளிந்ததும் அவருக்குப் புரிந்தது. நிலை தடுமாறியிருந்தபோது போட்ட உத்தரவு செல்லாது. ஆனால் தடுமாறினேன் என்று எழுதினால், பச்சை பொய் சொன்னது என்றும் எழுத வேண்டும்.

பிரகாசி கெஞ்சவில்லை. "பச்சைன்னே எழுதிக்கோங்க சார். நான் மேலதிகாரிங்ககிட்டப் போய்ப் பாத்துக்கிறேன். ஆனா திரும்ப இப்பிடி ஆச்சுன்னா, பக்கத்துல இருக்கவங்க பச்சையத்தான் பாப்பாங்க, ஒங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க."

அவர் விசாரணை அறிக்கையில் நாற்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் அவருடைய அறைக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. நம்பகமான முன்னுணரி இல்லாதவர் பொறுப்பில் இருக்கக்கூடாது என்பது அவரே எழுதிய விதி. அடுத்த வாரம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, புதிய அதிகாரி விசாரித்தார். அவர் மணிக்கட்டிலும் முன்னுணரித் திரை இருந்தது. முன்னுணரியின் பதிவின்படி அன்று கோமதிநாயகத்துக்கு எந்தக் குறையும் இல்லை, முன்னுணரி தவறாது என்று அவர் வாசித்தார்.

பிரகாசி எழுந்தாள்.

"பச்சை நெசம்னா, சாருக்கு ஒண்ணுமில்ல. அவரு கதவத் தொறந்து விடுங்க. பொய்யின்னா, என் பாரந்தூக்கியத் தொறந்து விடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

புதிய அதிகாரி பதிவை மூடினார். தன்னை அறியாமல் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அது பச்சையாகத்தான் இருந்தது. இருந்தும் அவர் கை மெல்ல நெற்றிக்குப் போய், வியர்த்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.