ஒரு சாண் வெளிச்சம்

நான் ஜன்னல் திரை தைக்கிறவ. புருஷன் பெண்டாட்டி சண்டை பாதி, திரைத் துணி எடுக்கிற இடத்துலதான் வெளியே வரும். ஒருத்தருக்கு மூஞ்சியில வெயில் அடிச்சாத்தான் முழிப்பே வரும். இன்னொருத்தருக்குக் கதவிடுக்குல நூலளவு வெளிச்சம் வந்தாலும் தூக்கம் போச்சு. இந்த ரெண்டு பேரையும் ஒரே அறையில படுக்க வைச்சவங்களைச் சொல்லணும்!

நான் இருட்டுக் கட்சி. மத்தியானம் கடைக்குப் பின்னாடி இருக்கிற சின்ன அறையில, கும்மிருட்டுல கொஞ்ச நேரம் கண்ணை மூடலேன்னா, அன்னிக்கு எனக்குத் தையல் கோணலாத்தான் ஓடும். அதனாலதான் அந்த நர்ஸ் பொண்ணு கடைக்கு வந்து, "அக்கா, உங்ககிட்ட இருக்கிறதுலேயே இருட்டான துணி எது?"ன்னு கேட்டதும் எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. ராத்திரி டியூட்டி பார்க்கிறவ. பகல்லதான் தூங்கணும். பின்னால ரப்பர் பூசின கருநீலத் துணியை விரிச்சுக் காட்டினேன். அதை மாட்டினா உச்சி வெயில்லயும் கை எது கால் எதுன்னு தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல ஒரு பழைய மாடி வீடு. நர்ஸும் அவ அம்மாவும்தான். அறையில ரெண்டு கட்டில். ஒண்ணு சுவரோரம், இன்னொண்ணு ஜன்னலை ஒட்டி. ஜன்னலோரக் கட்டில்ல விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாம இருந்துச்சு. ஜன்னல் சட்டத்து மேல ரெண்டு ஆணி. கீழே ஒரு கறுப்புக் கம்பளி மடிச்சுக் கிடந்துச்சு.

"இதைத்தான் மாட்டிக்கிட்டுத் தூங்குவேன். இப்ப நிக்க மாட்டேங்குது அக்கா, தானா விழுந்துடுது," என்றாள் நர்ஸ்.

"ஆணி இப்படி ஆடினா விழாம என்ன பண்ணும்?"ன்னு சொல்லிட்டு அளவு எடுத்தேன்.

கிளம்பும்போது அம்மா என்னைச் சமையலறைக்குள்ள இழுத்தாங்க. குரலை இறக்கி, "ஏம்மா, அந்தத் துணி தீர்ந்து போச்சுன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிடேன்," என்றாங்க. "ஜன்னலோரத்துல என் சின்னவ படுத்திருந்தா. பூனைன்னுதான் கூப்பிடுவோம். வெயில் எங்கே விழுதோ அங்கே நகர்ந்து நகர்ந்து படுப்பா. இருட்டுன்னா அவளுக்கு ஆகவே ஆகாது. பிறவியிலேயே இதயத்துல கோளாறு. போன மாசம் அந்தக் கட்டில்லயே, பட்டப்பகல்ல, தூக்கத்துல போயிட்டா. நான் கடைக்குப் போயிருந்தேன். பெரியவதான் பக்கத்துல படுத்திருந்தா. நான் வந்து பார்க்கிறப்ப ஜன்னல் பூரா திறந்திருந்துச்சு, மூஞ்சியில சாயங்கால வெயில் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. வெளிச்சத்துலதான் போனா. எனக்குன்னு மிஞ்சின ஆறுதல் அது ஒண்ணுதான். அந்த ஜன்னலை அடைச்சுடாதேம்மா."

பெத்த வயிறு கேட்குது. சரின்னு ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனவங்களுக்கு வெளிச்சம் எதுக்கும்மா? இருக்கிறவ தூங்க வேணாமா?"ன்னேன். அந்தம்மா திரும்பி அடுப்பைப் பத்த வைச்சாங்க. இந்த நாக்கை என்ன பண்ணாத் தகும்.

திரையை மாட்டினேன். இழுத்து விட்டதும் அறை பெட்டிக்குள்ள போன மாதிரி ஆச்சு. என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கலை.

ஒரு வாரம்கூட ஆகலை, நர்ஸ் போன் பண்ணினா. "அக்கா, உங்க திரை தானா திறக்குது."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. நான் மாட்டின திரை தானா திறக்குமா? நேரா போனேன். மேலே கொக்கி எல்லாம் அதது இடத்துல இருந்துச்சு. கம்பியும் மட்டமாத்தான் இருந்துச்சு. ஆனா கீழே, ஜன்னலோரக் கட்டில் பக்கம், துணி ஒரு சாண் விலகியிருந்துச்சு. அது வழியா ஒரு பட்டை வெயில் தலையணை மேல விழுந்துச்சு.

துணியைக் கையில எடுத்துப் பார்த்தேன். அள்ளிப் பிடிச்ச கசங்கல் ஒண்ணு இருந்துச்சு. தையக்காரிக்குக் கசங்கல் பேசும். நின்னுக்கிட்டு இழுத்தா நெஞ்சு உயரத்துல விழும். உட்கார்ந்து இழுத்தா அதுக்கும் கீழே. இது இன்னும் கீழே இருந்துச்சு. படுத்த வாக்குல கையை நீட்டிப் பிடிச்ச உயரம்.

"இந்தக் கட்டில்ல நீ படுக்கிறியா?"

"அதுல யாரும் படுக்கிறதில்லை அக்கா."

அப்பவே ஓடி வந்திருக்கணும். ஆனா மானப் பிரச்சினையா போச்சே! "கம்பியிலதான் கோளாறு"ன்னு வாய் கூசாம ஒரு பொய்யைச் சொன்னேன். துணி அசையாம கனமா தொங்கட்டும்னு கீழ் மடிப்புக்குள்ள ஈயக்குண்டு கோத்துத் தைச்சேன். ஓரத்தைச் சட்டத்தோட கொக்கி போட்டு மாட்டினேன். இனிமே காத்தில்லை, புயலே வந்தாலும் அசையாதுன்னு சொல்லிட்டு வந்தேன்.

அடுத்த தடவை அவ போன் பண்ணலை. டியூட்டி முடிஞ்ச உடையோட கடைக்கே வந்து நின்னா. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருந்துச்சு.

"நேத்து ஒரு நோயாளிக்கு மருந்தை மாத்திக் கொடுக்கப் போனேன். கூட இருந்தவ கையைப் பிடிச்சுத் தடுத்தா. எனக்குத் தூக்கமே இல்லை அக்கா. கண்ணை மூடினா அது திறக்குது. இப்படியே போனா என் கையால ஒரு உயிர் போயிடும்."

"வெளிச்சத்துலேயே தூங்கிப் பழகிக்கோயேன்."

"வெளிச்சம் இருந்தா அந்தக் கட்டில் தெரியுதே," என்றாள். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா. "நான் தூங்குற வரைக்கும் கூட வந்து உட்காருங்க அக்கா. எப்படித் திறக்குதுன்னு நீங்களே பாருங்க."

போனேன். நல்ல மத்தியானம். தெருவுல காய் விக்கிற வண்டிக்காரன் கத்திக்கிட்டுப் போனான். அம்மா சமையலறையில டீ போட்டுக்கிட்டு இருந்தாங்க. பேய்க்கும் அந்த நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் நாற்காலியைப் போட்டு ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல உட்கார்ந்தேன். நர்ஸ் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, கொக்கியை மாட்டிட்டுச் சுவரோரக் கட்டில்ல படுத்தா.

என் கையே எனக்குத் தெரியலை. இருட்டுன்னா எனக்கு இஷ்டம்னு சொன்னேனே, அது என் அறை இருட்டு. இது வேற.

கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வாசனை வந்துச்சு. வெயில்ல காய வைச்சு எடுத்த தலையணை வாசனை. ஜன்னலோரத்துல இருந்து வந்துச்சு.

நர்ஸ் அரைத் தூக்கத்துல கேட்டா. "தூங்கிட்டியா?"

"நான் எங்கே தூங்கறது? நீ தூங்கு முதல்ல," என்றேன்.

கட்டில் கிரீச்சிட்டுது. அவ எழுந்து உட்கார்ந்துட்டா. "ஐயோ, உங்களைக் கேட்கலை அக்கா. பழக்க தோஷம்." அவ போர்வையை இழுத்துச் சுத்திக்கிற சத்தம் கேட்டுச்சு. "சின்ன வயசுலேருந்து ஒரே அறை. பூனைக்கு விளக்கு எரியணும், எனக்கு அணைக்கணும். அவ தூங்கினப்புறம் நான் அணைச்சுக்கலாம்னு ஒப்பந்தம். தூங்கிட்டியான்னு கேட்பேன். 'தூங்கிட்டேன்!'னு கத்துவா. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த வார்த்தை வந்தாத்தான் இருட்டு. கழுதை வயசாகியும் அதேதான்."

மறுபடி கட்டில் கிரீச்சிட்டுது, அவ படுத்துட்டா.

அறையில மூச்சுச் சத்தம் கேட்டுச்சு.

என்னோடது ஒண்ணு. அவளோடது ஒண்ணு.

இன்னொண்ணு.

ஜன்னலோரக் கட்டில்ல இருந்து அது வந்துச்சு. கரகரன்னு இழுக்கும், பாதியில நிக்கும். மறுபடி இழுக்கும். ஏதோ சொல்ல வந்து, முதல் எழுத்தே வெளியே வராம, தொண்டையிலேயே முட்டி முட்டித் திரும்புற மாதிரி.

"கேட்குதா அக்கா?" என்றாள் நர்ஸ், காத்து மாதிரி.

நான் நாற்காலியை அவ பக்கம் நகர்த்திக்கிட்டேன்.

"அன்னிக்கும் இதே சத்தம்தான். டியூட்டி முடிச்சு வந்து விழுந்தேன். அவ ஜன்னலோரம் திரும்பிப் படுத்திருந்தா. தூங்கிட்டியான்னு கேட்டேன். பதில் வரலை. இந்தச் சத்தம்தான் வந்துச்சு. குறட்டைன்னு நினைச்சேன். இல்லை, நினைக்கலை. நினைச்சுக்கணும்னு ஆசைப்பட்டேன். நான் நர்ஸ் அக்கா! வார்டுல இப்படி ஒரு மூச்சு கேட்டா ஓடிப் போய் விளக்கைப் போட்டு மூஞ்சியைப் பார்ப்பேன். வீட்ல எனக்குத் தூக்கம் வந்துச்சு. கம்பளியை மாட்டிட்டுப் படுத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன். முழிச்சு எழுந்து போய்த் தொட்டேன். சில்லுன்னு இருந்தா."

மூச்சு இழுத்துது. நின்னுது.

"முதல்ல என்ன பண்ணினேன் தெரியுமா? கம்பளியை அவுத்தேன். அவளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படுக்க வைச்சேன். அதுக்கப்புறம்தான் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அம்மா அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றாங்க, வெளிச்சத்துல போனா, வெளிச்சத்துல போனான்னு. அவங்க சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டுறேன்."

கதவுக்கு வெளியே டம்ளர் விழுந்து உருண்டுது.

அதே நேரத்துல திரைக் கொக்கி டக்குன்னு விட்டுது. ஈயக்குண்டு தரையில உரச, துணி மெதுவா, வலிக்க வலிக்க இழுக்கிற மாதிரி, விலகிச்சு. ஒரு சாண். அதுக்கு மேல விலகலை. வெயில் பட்டை தலையணை மேல விழுந்துச்சு. தலையணை நடுவுல பள்ளம் இருந்துச்சு. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அது மெல்ல உப்பி மேல வந்துச்சு, யாரோ தலையைத் தூக்கிட்ட மாதிரி.

அம்மா உள்ளே வந்தாங்க. புடவை நுனியெல்லாம் டீ. பெரிய பொண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ரெண்டு கையாலயும் திரையைப் பிடிச்சு ஒரு இழு. நான் போட்ட கொக்கி அத்தனையும் படபடன்னு தெறிச்சுது. அறை பூரா வெயில் கொட்டிச்சு.

"அம்மா..." நர்ஸ் சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னா. "என்னை அடிங்கம்மா. ஏதாவது சொல்லுங்கம்மா."

அவங்க சின்னவ கட்டில்ல உட்கார்ந்தாங்க. தலையணையை எடுத்து மடியில வைச்சுக்கிட்டாங்க. அதைத் தடவிக்கிட்டே, "இருட்டுலயா போச்சு என் பூனை," என்றாங்க. அதுக்கப்புறம் அவங்க அழுததை நான் எழுத மாட்டேன். பெத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

அழுகை ஓய்ஞ்சதும் பெரியவளைப் பார்த்து, "படு," என்றாங்க.

"இந்த வெளிச்சத்துல எனக்கு..."

"படுடி. திரை கிரை ஒண்ணும் வேணாம். உன் மூச்சை நான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவ படுத்தா. மூஞ்சியில வெயில் அடிக்க, அழுதுக்கிட்டே, நான் துணியைச் சுருட்டி முடிக்கிறதுக்குள்ள தூங்கிப் போனா. அந்தம்மா கண்ணு கொட்டாம அவ நெஞ்சு ஏறி இறங்குறதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லிக்காமலே படியிறங்கினேன்.

கதை இதோட முடிஞ்சிருக்கணும். அந்தத் துணியை அங்கேயே கொளுத்திட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு மனசு வரலை. நல்ல துணி, ரெட்டைத் தையல். கடைப் பின்னறை ஜன்னலுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்திச்சு. அல்ப புத்தி, வேறென்ன.

மாட்டின மறுநாளே கீழே ஒரு சாண் விலகியிருந்துச்சு. பாய் உயரத்துல அதே கசங்கல். இஸ்திரி போட்டுத் தேய்ச்சேன். அடுத்த நாளும் வந்துச்சு. சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்னு அந்த இடைவெளியை அப்படியே விட்டுட்டேன். அது பாட்டுக்கு வெயில் பட்டை என் காலடியில கிடந்துச்சு. தூக்கம் வரலை, ஆனா வேற ஒண்ணும் நடக்கலை. "இருட்டு ராணி எப்ப கட்சி மாறினா?"ன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார்.

நேத்து வேலை ஜாஸ்தி. ஒரு கல்யாண மண்டபத்துக்கு மொத்தத் திரையும் தைச்சுக் கொடுத்துட்டுப் பாயில விழுந்தேன். அந்த வெயில் பட்டை கண்ணைக் குத்திச்சு. எரிச்சலா வந்துச்சு. யோசிக்கவே இல்லை, கையை நீட்டித் துணியைச் சட்டுன்னு இழுத்து மூடிட்டேன். நான் யாரையும் எதுவும் கேட்கலை. கேட்கணும்னு தோணவே இல்லை.

அறை இருண்டுச்சு. காய்ஞ்ச தலையணை வாசனை வந்துச்சு.

என் காது மடலுக்குப் பக்கத்துல மூச்சு இழுத்துது. நின்னுது. மறுபடி இழுத்துது. இந்தத் தடவை வார்த்தை வெளியே வந்துடுச்சு.

"அக்கா... நான் இன்னும் தூங்கலை."