கம்ப்யூட்டருக்கு ஓர் அளவு சட்டை

செல்லப்பன் எதை வாங்கினாலும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார்.

"வளர்ற புள்ளைக்குச் சரியா எடுத்தா எப்படி? நாளைக்கும் ஆக வேணாமா?" என்பார்.

அவருடைய சின்ன மகள் தமிழ்மொழி ஐந்தாம் வகுப்பு. அவள் நடந்தால் செருப்பு முன்னால் போகும், அவள் பின்னால் போவாள். பொங்கலுக்கு எடுத்த கவுனுக்குள் இன்னொரு தமிழ்மொழியும் தாராளமாக நுழையலாம். அம்மா ஜோதிதான் நான்கு மடிப்பு வைத்துத் தைத்து அதைச் சின்னதாக்கியிருந்தார். ரெட்டிபாளையத்தில் பாதிப் பேருக்கு ஜோதிதான் தையல்காரர். யார் துணி கொண்டுவந்தாலும், "அளவு சட்டை எங்க?" என்றுதான் முதலில் கேட்பார். அது இல்லாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டார்.

அந்த வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அக்கா கலையரசி அதில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் வேலையைத் தொடங்கியிருந்தாள். இப்போதுதான் முதல் கல்யாணம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டர் பாடாய்ப் படுத்தியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார். அப்படியே நின்றுவிடுவார். கெட்டிமேளம் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும்.

"இந்த மாப்பிள்ளை இன்னைக்காவது தாலி கட்டுவானா?" என்று செல்லப்பன் தினமும் கேட்பார். "அதுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும்ப்பா. அப்பத்தான் படம் திணறாம ஓடும்" என்று கலையரசி ஒருநாள் சொல்லிவைத்தாள்.

செல்லப்பன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டார். யாரிடமும் சொல்லாமல் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார். மாலையில் ஒரு பெரிய பெட்டியோடு திரும்பி வந்தார்.

"பிரிம்மா பிரி! கடையில இருக்கறதுலயே பெருசு!"

உள்ளே இருந்த கார்டில் மூன்று விசிறிகள் இருந்தன. "ஆத்தாடி!" என்றாள் தமிழ்மொழி. செல்லப்பனுக்கு வாயெல்லாம் பல்.

கலையரசி பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டைப் பதமாக உள்ளே காட்டினாள். அது நுழையவே இல்லை. அவள் முகம் சுருங்கியது. கார்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். தமிழ்மொழி பின்னாலேயே ஓடினாள்.

"லீவு போட்டுட்டுப் போய் ஆசையா வாங்கியாந்திருக்காரு. இது சேராதுன்னு எப்படிடி சொல்றது?" அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

அதற்குள் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "தமிழு, அந்த ரம்பத்தை எடு! ஒரு தகரந்தான் குறுக்க நிக்குது. அறுத்துட்டாப் போச்சு!"

தமிழ்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுத்தால் கம்ப்யூட்டர் போய்விடும். ஓடிவந்து பெட்டியோடு இருந்த ரசீதைப் பார்த்தாள். மூன்று நாளைக்குள், கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் என்று அதில் இருந்தது. ஆனால் 'தப்பா வாங்கிட்டீங்க' என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் முகம் வாடிப்போகுமே!

அவள் ரம்பத்தை எடுக்கவில்லை. அம்மாவின் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, அளவு எடுக்காம அம்மா எதையாவது வெட்டுவாங்களா? நீங்க ஒரு முனையைப் பிடிங்க."

"அதுஞ்சரிதான்" என்று செல்லப்பன் டேப்பைப் பிடித்தார். கார்டு பன்னிரண்டு அங்குலம். உள்ளே இருந்த இடம் ஒன்பது அங்குலம்.

"மூணு அங்குலந்தானே, அறுத்துருவோம்."

"அந்தத் தகரத்துக்குள்ள என்னக்கா இருக்கு?"

சமையலறை வாசலில் வந்து நின்ற கலையரசி மெதுவாகச் சொன்னாள். "ஹார்ட் டிஸ்க். கல்யாண வீடியோ பூரா அதுலதான் இருக்கு."

"ஐயோ, பொண்ணு மாப்பிள்ளையையும் சேர்த்து அறுத்துருவோமே!" என்றாள் தமிழ்மொழி. தைத்துக்கொண்டிருந்த ஜோதி சிரித்துவிட்டார்.

"அதோட இந்தக் கார்டுக்குத் தனியா ஒரு பவர் வயர் வேணும்ப்பா. நம்ம பழைய மெஷின்ல அது இல்ல" என்றாள் கலையரசி.

செல்லப்பன் டேப்பைக் கீழே வைத்தார். "கடைக்காரத் தம்பி என்ன மெஷினுன்னு கேட்டாரு. நான்தான் இருக்கறதுலயே பெருசா குடுன்னேன். உனக்கு நல்லதா இருக்கணும்னு நெனச்சேம்மா." குரல் இறங்கிப்போயிருந்தது.

தமிழ்மொழிக்கு மனசு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கவுன் மடிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இத பெருசா எடுத்தீங்க. அடுத்த பொங்கலுக்கும் போடுவேன். நான் வளருவேன்ல? பாவம், கம்ப்யூட்டர் வளராதேப்பா!"

செல்லப்பன் அவளைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அப்ப என்னதான் பண்றது?"

"அளவு சட்டை கொண்டுபோவோம்!"

அம்மா தையலுக்கு வைத்திருந்த பழுப்புத் தாளை, கம்ப்யூட்டருக்குள்ளே இருந்த இடத்துக்குச் சரியாக அப்பாவும் மகளும் வெட்டினார்கள். கார்டைச் செருகும் போர்டின் பெயரையும், கரண்ட் தரும் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த எண்களையும் தமிழ்மொழி அந்தத் தாளிலேயே எழுதினாள். மானிட்டர் வயரின் தலையைக்கூட வரைந்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பெரம்பலூர் போனார்கள். கடைக்காரர் ராஜதுரை பெரிய கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு தாளை விரித்தார்.

"அட! எல்லாம் இருக்கே. இப்படி யாருமே கொண்டு வந்ததில்ல. யாரு எடுத்த அளவு?"

செல்லப்பன் வாயைத் திறப்பதற்குள் தமிழ்மொழி முந்திக்கொண்டாள். "நானும் அப்பாவும் சார். அப்பாதான் டேப்பைப் பிடிச்சாங்க."

செல்லப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ராஜதுரை எடுத்து வைத்த கார்டில் ஒரே ஒரு விசிறிதான் இருந்தது. "இதுக்குத் தனி வயர் வேணாம்ண்ணே. செருகுற இடத்துலயே கரண்ட் எடுத்துக்கும்."

"இம்புட்டுத்தானா?" என்று செல்லப்பன் இழுத்தார். தாளின்மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே அடங்கி, ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கலையரசி அதைச் செருகினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். குனிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு!

"அப்பாடா, கட்டிட்டான்!" என்று செல்லப்பன் கைதட்டினார். கலையரசி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். திங்கட்கிழமை காலையிலேயே வீடியோ போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் தமிழ்மொழியின் செருப்பு அறுந்தது. செல்லப்பன் கடைக்குக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஒரு பழுப்புத் தாளைத் தரையில் விரித்தார்.

"காலை வை."

பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். தமிழ்மொழிக்குக் கூசியது. கட்டைவிரல் பக்கம் வந்ததும் பென்சில் கொஞ்சம் தள்ளிப் போனது.

"அப்பா!"

"ஒரு விரக்கடைதான். நீ வளர்றல்ல?"

புதுச் செருப்பு அவளை விட்டு முன்னால் ஓடவில்லை. அவளோடேயே பள்ளிக்கூடம் வந்தது.